உங்களுக்குத் தெரியுமா? அகராதி பிடித்த மனிதர்கள்

யார் சொன்னாலும் மசியாமல், பிடித்த பிடியை விடாமல் நிற்கிற ஆளை 'அகராதி பிடிச்சவன்' என்று திட்டுவோம். ஆங்கில அகராதிகளைத் தொகுத்தவர்களின் கதையைப் படித்தால் அது வசவா, பாராட்டா என்று சந்தேகம் வந்துவிடும். பதவி பறிபோன பாதிரியார், பதினைந்து வயதுவரை எழுத்துக்கூட்டத் தெரியாத ஆலைப் பையன், காப்பகத்தில் அடைபட்ட கொலையாளி என்று விதவிதமான ஆட்கள் அந்தத் தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

★ ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்' எழுதியபோது இங்கிலாந்தில் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி ஒன்றுகூடக் கிடையாது. முதலாவது 1604இல்தான் வந்தது. தொகுத்தவர் ராபர்ட் காட்ரி. ரட்லண்ட் பகுதியில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பாதிரியாராக இருந்தவர். தூய்மைவாதக் கருத்துகளைப் பேசினார் என்று மேலிடம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

அவருடைய புத்தகத்தில் இருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்கள்தான். எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு எதற்குப் பொருள் என்று, கடினமான சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்குள் புதிதாக வந்து குடியேறியவை அவை. சீமாட்டிகளுக்கும் படிப்பு வாய்க்காத மற்றவர்களுக்கும் இந்த நூல் என்று முகப்பிலேயே அச்சிட்டுவிட்டார். இன்றைக்கு அப்படிப் போட்டால் அடிக்க வருவார்கள். பெண்களை லத்தீன் படிக்க யாரும் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது.

இதைவிட வேடிக்கை, அகரவரிசையில் சொல்லைத் தேடுவது எப்படி என்று அவர் முன்னுரையில் தனியாக வகுப்பே எடுத்திருப்பது. 'ஏ'யில் தொடங்கும் சொல்லை முன்பக்கங்களில் தேடுங்கள், 'வி'யில் தொடங்குவதைக் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். வாசகர்களுக்கு அந்தப் பழக்கமே அப்போது இல்லை.

★ காட்ரியின் முதல் பதிப்பில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. நம் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாவோ தெ ப்ரோயென்சாவின் தமிழ் – போர்ச்சுகீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் தனிப் பிரதியாகத் தப்பிப் பிழைத்தது. தனிநாயகம் அடிகள் அதைக் கண்டெடுத்து 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

★ ஆங்கில – ஆங்கில அகராதி ஒன்று 'டிக்ஷனரி' என்ற பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது 1623இல். தொகுத்தவர் ஹென்றி காக்கரம்.

★ நாய், பூனை, ரொட்டி மாதிரி அன்றாடச் சொற்கள் அகராதிக்குள் நுழைய இன்னும் எண்பது வருடம் ஆனது. 1702இல் வந்த ஜான் கெர்சியின் அகராதிதான் அவற்றுக்குக் கதவைத் திறந்தது. சேர்த்துவிட்டார்களே தவிர, என்ன பொருள் எழுதுவது என்று புரியாமல் விழித்தார்கள். 1721இல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட நேதன் பெய்லியின் அகராதியில் நாய் என்பதற்கு, அனைவரும் அறிந்த நாற்கால் பிராணி என்கிற மட்டில் முடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னதான் எழுதுவார் பாவம்!

★ 1656இல் தாமஸ் பிளவுன்ட் என்ற வழக்கறிஞர் பல ஆண்டுகள் உழைத்து ஓர் அகராதி போட்டார். இரண்டே வருடத்தில் கவிஞர் மில்டனின் அக்காள் மகன் எட்வர்ட் பிலிப்ஸ் இன்னொன்றை வெளியிட்டார். திறந்து பார்த்த பிளவுன்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கம் பக்கமாகத் தம்முடைய சரக்கு. பிழைகளைக்கூட அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு 1673இல் பிலிப்ஸின் பிழைகளை மட்டுமே பட்டியலிட்டுத் தனிப் புத்தகம் எழுதி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார்.

காப்பியடிப்பவரைப் பிடிக்க இந்தக் காலத்தில் வேறு உத்தி இருக்கிறது. அகராதிக்குள் பொய்ச் சொல் ஒன்றை வைத்துவிடுவது. 2001இல் வெளியான நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதியில் 'எஸ்க்விவேலியன்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது. கடமையிலிருந்து வேண்டுமென்றே நழுவுவது என்று பொருளும் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு சொல் உலகத்தில் எங்கும் கிடையாது. வேறு அகராதியில் அது தலைகாட்டினால் திருட்டு அம்பலம். உண்மை 2005இல் வெளியே வந்தது. கடமை தவறாத ஆசிரியர்கள் கண்டுபிடித்த சொல்லுக்கு அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தது நல்ல குறும்பு.

★ அகராதிக்காரரின் மனைவியாக வாழ்வது லேசான காரியமா? தாமஸ் கூப்பர் 1565இல் வெளியிட்ட பெரிய லத்தீன் – ஆங்கில அகராதியைப் பற்றி ஒரு கதை உண்டு. பாதி வேலை முடிந்திருந்த சமயம், ராத்திரி பகலாக அதிலேயே மூழ்கிக் கிடந்த கணவர்மேல் எரிச்சல்பட்டு மனைவி கையெழுத்துப் பிரதியைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டாராம். மனிதர் மறுபடியும் முதலிலிருந்து எழுதி முடித்தாராம். ஜான் ஆப்ரே எழுதிவைத்த கதை இது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பேர்வழி. அகராதி வந்ததும், எலிசபெத் அரசி மகிழ்ந்ததும், கூப்பர் பின்னால் பிஷப் ஆனதும் மட்டும் நிஜம்.

★ டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1746இல் லண்டன் புத்தக வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட்டபோது மூன்றே வருடத்தில் முடித்துவிடுவேன் என்றார். பிரெஞ்சு அகாதெமியில் நாற்பது பேர் நாற்பது வருடம் எடுத்துக்கொண்டார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டதற்கு, ஒரு ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதமே அதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினாராம். வாய்ச் சவடால் சரி. ஆனால் புத்தகம் வெளிவந்தது 1755 ஏப்ரல் 15இல். மூன்று வருடம் ஒன்பதாக நீண்டிருந்தது. பேசிய கூலி 1,500 கினி. உதவியாளர்கள் சம்பளமும் காகிதச் செலவும் அதற்குள்தான்.

இடையில் வேலை ஒருமுறை அடியோடு சரிந்தது. நோட்டுப் புத்தகங்களில் வரிசையாக எழுதிக்கொண்டு போனதில், புதுச் சொல்லுக்கும் புதுப் பொருளுக்கும் நடுவில் இடம் போதவில்லை. 1750 வாக்கில் அந்த எழுத்துப்படியை ஓரங்கட்டிவிட்டு வேறு முறைக்கு மாறினார். அதற்குள் ஒப்பந்தம் சொன்ன மூன்று வருடமும் போய்விட்டது. 1752இல் மனைவியும் காலமானார்.

கஃப் சதுக்கத்தில் இருந்த வீட்டின் மேல்மாடிதான் பட்டறை. ஜான்சன் புத்தகங்களைப் படித்துக்கொண்டே போய், வேண்டிய சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவார். ஓரத்தில் அதன் முதலெழுத்தைக் குறிப்பார். உதவியாளர்கள் அந்த வாக்கியத்தைத் துண்டுத் தாளில் படியெடுப்பார்கள். புத்தகம் இரவல் கொடுத்த நண்பர்களின் பாடுதான் திண்டாட்டம். கோடும் கறையுமாகத் திரும்பி வந்தவற்றை வைத்துக்கொள்ளவே மனம் வரவில்லை என்று ஒருவர் பதிவுசெய்திருக்கிறார். இப்படிச் சேர்ந்த மேற்கோள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அச்சான சொற்கள் 42,773. சொல்லை அதன் இடத்தில், நல்ல எழுத்தாளர்களின் வாக்கியத்தில் வைத்துக் காட்டுவதை ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிதாகச் செய்தவர் அவர்தான். பின்னால் வந்த எல்லாரும் அந்தத் தடத்தில் நடந்தவர்கள்.

★ ஜான்சனின் ஆறு உதவியாளர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களை வைத்துக்கொண்டே ஓட்ஸ் தானியத்துக்குப் பொருள் எழுதும் சாக்கில், இங்கே குதிரைக்குப் போடுவது அங்கே மனிதர்களுக்கு உணவு என்று ஸ்காட்லாந்தையே குத்திவிட்டார். அதற்காக மனிதர் கல்நெஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். உதவியாளர்களில் ஒருவரான அலெக்ஸாண்டர் மெக்பீன் முதுமையில் வறுமைப்பட்டபோது, அலைந்து சிபாரிசு பிடித்து ஆதரவு இல்லத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, 1752 முதல் அவர் வீட்டில் வளர்ந்த பிரான்சிஸ் பார்பருக்குத்தான் சொத்தின் பெரும்பகுதியை எழுதிவைத்தார்.

★ 'பென்ஷன்' என்ற சொல்லுக்கு, நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசு கொடுக்கும் கூலி என்கிற ரீதியில் பொருள் எழுதியிருந்தார் ஜான்சன். 1762இல் அரசரே அவருக்கு வருடம் 300 பவுண்டு பென்ஷன் கொடுக்க முன்வந்தார். வாங்கலாமா கூடாதா என்று நண்பர்களிடம் கலந்து பேசிவிட்டு வாங்கிக்கொண்டார். எதிரிகள் விடுவார்களா? சாகும்வரை அவர் எழுதிய பொருளை அவருக்கே படித்துக் காட்டினார்கள்.

கலால் வரிக்கு அவர் கொடுத்த பொருள் இன்னும் காரம். கலால் அதிகாரிகள் இது அவதூறு ஆகாதா என்று அட்டர்னி ஜெனரலிடம் கருத்துக் கேட்கும் அளவுக்குப் போனார்கள். வழக்கு மட்டும் வரவில்லை.

★ 1785இல் பிரான்சிஸ் கிரோஸ் கொச்சைச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி போட்டார். பெருத்த உடம்பு. ராத்திரி வேளையில் வேலையாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு லண்டனின் சாராயக்கடைகளிலும் திருடர் சந்துகளிலும் சுற்றிச் சொல் பொறுக்கினார். கள ஆய்வு என்று இன்று கௌரவமாகச் சொல்கிறார்கள்.

★ அமெரிக்கர்கள் 'கலர்', 'ஹானர்' சொற்களில் 'யு' எழுத்தை விட்டுவிட்டு எழுதுவதற்குப் பெரிய காரணம் நோவா வெப்ஸ்டர். சுதந்திரம் வாங்கிய நாட்டுக்கு எழுத்துக்கூட்டலிலும் சுதந்திரம் வேண்டும் என்றவர். நாக்கு, பெண்கள் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களையும் காதில் விழுகிறபடியே எழுதச் சொன்னார். அதை மட்டும் ஊர் ஏற்கவில்லை.

அவருடைய பெரிய அகராதி 1828இல், அவருக்கு எழுபது வயதாகும்போது வந்தது. 70,000 சொற்கள். அமெரிக்காவின் தனித்தன்மையைப் பறைசாற்றிய அந்த அகராதியின் கடைசிச் சொல்லை அவர் எழுதியது எங்கே தெரியுமா? இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் ஒரு வாடகை அறையில், 1825 ஜனவரியில். விற்பனை மந்தம். அடுத்த பதிப்புக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டிவந்தது. 1843இல் அவர் இறந்த பிறகு ஜார்ஜ், சார்லஸ் மெரியம் என்ற சகோதரர்கள் உரிமையை வாங்கினார்கள். இன்றைய மெரியம் – வெப்ஸ்டர் அப்படி வந்த பெயர்.

★ இல்லாத சொல் தெரியாத்தனமாகவும் அகராதிக்குள் புகுந்ததுண்டு. வெப்ஸ்டர் அகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டோர்ட்' என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தது. நடந்தது இதுதான். அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி'யோ சின்ன 'டி'யோ போடலாம் என்று வேதியியல் ஆசிரியர் 1931இல் ஒரு சீட்டு எழுதினார். இரண்டு எழுத்துக்கும் நடுவில் 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து, எல்லாமாக ஒரே சொல் என்று யாரோ எடுத்துக்கொண்டார்கள். உச்சரிப்புக்கூடப் போட்டார்கள்! 1939இல் ஓர் ஆசிரியர், இதற்கு வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று தோண்டியபோது குட்டு உடைந்தது.

★ 1961இல் வெப்ஸ்டரின் மூன்றாம் பெரும்பதிப்பு வந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. படித்தவர்கள் முகம் சுளிக்கும் 'எய்ன்ட்' முதலான சொற்களுக்கு ஆசிரியர் பிலிப் கோவ் கண்டிப்புக் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதைப் பதிவதுதான் எங்கள் வேலை, எப்படிப் பேச வேண்டும் என்று சட்டம் போடுவது அல்ல என்பது அவர் கட்சி. என் ஓட்டு கோவுக்குத்தான். ஆனால் ரெக்ஸ் ஸ்டவுட்டின் ஓட்டு வேறு. அடுத்த வருடமே வந்த அவருடைய துப்பறியும் நாவலில் நாயகன் நீரோ உல்ஃப் அந்த அகராதியைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக் கணப்பில் போட்டு எரிக்கிறார். அமெரிக்கன் ஹெரிடேஜ் நிறுவனத்தார் மெரியம் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிடப் பார்த்தார்கள். முடியாமல் போகவே 1969இல் தாங்களே ஓர் அகராதி போட்டார்கள்.

★ இனி ஆக்ஸ்போர்டு. 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தார், இருக்கிற அகராதிகளில் விட்டுப்போன சொற்களைத் திரட்டலாம் என்று சின்னதாகத்தான் ஆரம்பித்தார்கள். விட்டுப்போனவை இருப்பவற்றைவிட அதிகம் போலிருக்கவே, புதிதாகவே ஓர் அகராதி செய்வது என்று முடிவாயிற்று.

முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். தன்னார்வலர்கள் மேற்கோள் எழுதி அனுப்பும் சீட்டுகளை அடுக்க 54 மரப்பொந்துகள் செய்துவைத்தார். அவ்வளவுதான் தேவைப்படும் என்று கணக்கு. மழையில் நனைந்த உடையோடு சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததில் காய்ச்சல் கண்டு, 1861இல் முப்பது வயதில் இறந்துபோனார். பிழைப்பது கடினம் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் நாளைக்கே சமஸ்கிருதம் தொடங்கிவிட வேண்டும் என்றாராம்.

அடுத்து வந்த ஃபர்னிவாலுக்கு ஆர்வம் மலையளவு, ஒழுங்கு கடுகளவு. அவர் கையில் சீட்டுகள் நாலா பக்கமும் சிதறின. 'பி, ஏ' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தன. அடுப்பு பற்றவைக்க எடுத்தது போக மிச்சம். 'எச்' எழுத்து இத்தாலியில் ஃபிளாரன்ஸில் இருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்தால் உள்ளே எலிக் குடும்பம். அவர் பெரிய படகோட்டியும்கூட. உழைக்கும் பெண்களுக்காக லண்டனில் படகுக் குழு ஆரம்பித்தவர். 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கதையில் வரும் படகோட்டும் எலிக்கு அவரே முன்மாதிரி என்பார்கள். சீட்டு மூட்டையில் இருந்த எலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

★ ஆக்ஸ்போர்டு அகராதி என்றதும் நினைவுக்கு வரும் ஜேம்ஸ் மரே பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். லண்டனில் சார்ட்டர்ட் பேங்க் ஆஃப் இந்தியாவில் குமாஸ்தா வேலை பார்த்திருக்கிறார். தமக்குத் தெரிந்த மொழிகளையெல்லாம் வரிசைப்படுத்தி பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. 1879இல் அகராதிப் பொறுப்பு கிடைத்தது. பத்து வருடத்தில் முடிப்பதாக ஒப்பந்தம். ஐந்து வருடம் கழித்து 1884இல் முதல் பகுதி வந்தது. 'ஏ' தொடங்கி எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' வரைதான் வந்திருந்தார்கள்.

ஆக்ஸ்போர்டு வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்த்தார். பக்கத்து வீட்டுச் சட்டப் பேராசிரியர் டைசி, பார்வையை மறைக்கிறது என்று ஆட்சேபித்ததால் கொட்டகையின் தரையைத் தோண்டி இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. ஈரம், குளிர், சளி. உலகம் முழுவதிலிருந்தும் குவிந்த தபாலுக்காக வீட்டு வாசலிலேயே அஞ்சல் துறை சிவப்புப் பெட்டி வைத்தது. 'மரே, ஆக்ஸ்போர்டு' என்று எழுதினாலே கடிதம் வந்து சேரும். பதினொரு குழந்தைகள். சீட்டு அடுக்கித் தந்தால் கைக்காசு. அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சில்லறை கிடைத்த வழி அது.

1915இல் மரே இறக்கும்போது வேலை 'எஸ்'ஸுக்கு அடுத்த 'டி' எழுத்தில் இருந்தது. 1928 ஏப்ரலில்தான் முழுதாக முடிந்தது. 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கு மேல் மேற்கோள்கள்.

★ சீட்டு தொலைந்ததால் ஒரு சொல்லே தொலைந்தது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' சீட்டு எங்கோ சிக்கிக்கொள்ள, அது இல்லாமலே 'பி' பகுதி அச்சாகிவிட்டது. 1933இல் வந்த பின்னிணைப்பில்தான் இடம் கிடைத்தது.

★ 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அரசருக்குக் குடல்வால் அழற்சி வந்ததால் தள்ளிப்போனது. நாடு முழுக்க 'அப்பெண்டிசைடிஸ்' பேச்சு. ஆக்ஸ்போர்டு அகராதியைப் புரட்டியவர்களுக்கு அந்தச் சொல் அகப்படவில்லை. 'ஏ' பகுதி 1880களிலேயே அச்சாகி முடிந்திருந்தது.

★ மரேவுக்கு மேற்கோள்கள் அனுப்பிய தன்னார்வலர்களில் வில்லியம் செஸ்டர் மைனரின் கதை சினிமாவாகவும் வந்துவிட்டது. பலர் கவனிக்காத சங்கதி, அவர் பிறந்தது இலங்கையில் என்பது. தந்தை ஈஸ்ட்மன் மைனர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். 1842இல் மானிப்பாய் அகராதி என்று தமிழர்கள் இன்றும் சொல்லும் தமிழ் அகராதி அச்சானது அந்த அச்சகத்தில்தான். அப்போது பையனுக்கு எட்டு வயது. பதினான்கு வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். மருத்துவம் படித்து, உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக வேலை பார்த்தார். மனம் பிறழ்ந்தது. லண்டன் வந்த இடத்தில் 1872இல் ஒரு விடியற்காலை, தன்னைக் கொல்ல வந்தவன் என்ற பிரமையில் ஜார்ஜ் மெரெட் என்ற மதுவடிப்பாலைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள்.

அங்கே அவருக்கு இரண்டு அறைகள், ராணுவ ஓய்வூதியம், சுவர் முழுக்கப் பழைய புத்தகங்கள். கொலையுண்டவரின் மனைவியே வந்து பார்த்துச் சில சமயம் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மைனர் தம்மிடம் இருந்த நூல்களுக்கெல்லாம் பொடி எழுத்தில் சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொண்டார். ஆக்ஸ்போர்டில் இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்டு, அதற்கு மட்டும் மேற்கோள் அனுப்புவார். மற்றவர்கள் கிடைத்ததை அனுப்பினார்கள், இவர் கேட்டதை அனுப்பினார். கடந்த நான்கு நூற்றாண்டுச் சொற்களை இவர் அனுப்பிய மேற்கோள்களை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்ற கருத்தில் மரே எழுதியிருக்கிறார்.

காப்பக மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு மரே போய்ப் பார்க்க, எதிரே நின்றவர் கைதி என்று தெரிந்து திகைத்தார் என்ற கதை ரொம்பப் பிரபலம். அது பத்திரிகைக்காரர் ஒருவரின் கைச்சரக்கு. ஹார்வர்டு நூலகர் ஜஸ்டின் வின்சர் சொல்லி மரேவுக்கு விஷயம் முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் 1891இல் போனார், பிறகும் பலமுறை போனார். 1910இல் உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவு போட, மைனர் அமெரிக்கா திரும்பினார்.

★ மைனருக்குச் சற்றும் சளைக்காத இன்னொருவரை ஏனோ யாரும் சினிமா எடுக்கவில்லை. அவரும் அமெரிக்கர், பெயர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். ஓடிப்போன தம்பியைத் தேடி 1846இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். ஹூக்ளி முகத்துவாரத்தில் கப்பல் உடைந்தது. தங்கியவர் தங்கியவர்தான். சமஸ்கிருதம் கற்று, காசியில் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். சமஸ்கிருத நூலைப் பதிப்பித்த முதல் அமெரிக்கர் அவரே. 1857 கிளர்ச்சியின்போது சாகர் கோட்டைக்குள் மாதக்கணக்கில் முற்றுகைக்குள் கிடந்தார். லண்டன் போய்ப் பேராசிரியர் பதவியில் அமர்ந்தவருக்கு 1869இல் அறிஞர்களோடு பெரும் சண்டை. பதவிகள் போயின, மனைவியும் பிரிந்தார். சஃபோக் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஒதுங்கிக்கொண்டார்.

அங்கிருந்து இருபது வருடம், நாள் தவறாமல் சில மணி நேரம் அகராதிக்கு மெய்ப்புப் பார்த்தும் மேற்கோள் சேர்த்தும் அனுப்பினார். காசு வாங்கவில்லை. மரேவும் அவரும் 1901இல் ஹால் இறக்கும்வரை ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

★ 1928இல் அகராதி முடிந்ததைக் கொண்டாட லண்டனில் பெரும் விருந்து. பிரதமர் பால்ட்வின் பேசினார். சாப்பாட்டு மேசையில் ஆண்கள் மட்டும். பல வருடம் அகராதி அலுவலகத்தில் உழைத்த மரேயின் மகள் ராஸ்ஃப்ரித்துக்கும் இன்னோர் ஆசிரியர் பிராட்லியின் மகள் எலினாருக்கும் மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. காட்ரியின் முகப்பு வாசகத்துக்குப் பிறகு 324 வருடம் ஓடியிருந்தது!

★ 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்பது கம்பெனி பெயர் அல்ல. இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் கலந்த சொற்களுக்கு 1886இல் வந்த அகராதி. மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மாரடித்து வருவதைக் கேட்ட வெள்ளைச் சிப்பாய்கள் காதில் அது இப்படி விழுந்ததாம். தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னெல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை ஏடுகளுக்கு அட்டவணை தயாரித்தவர். புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலே 1882இல் போய்விட்டார். ஹென்றி யூல் முடித்துவைத்தார். கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் அதில் துரை வேஷத்தில் உலவுகின்றன.

★ பிராட்ஃபோர்டு அருகே ஒரு பையன். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினான். பிறகு சால்ட்டேர் நூற்பாலையில் வேலை. பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. இரவுப் பள்ளியில் கற்றுக்கொண்டு, காசு சேர்த்து ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பினான். ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஹைடல்பெர்க் வரை நடந்தே போனான். பெயர் ஜோசப் ரைட். ஆக்ஸ்போர்டில் மொழியியல் பேராசிரியராகி, இங்கிலாந்தின் வட்டார வழக்குகளுக்கு 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளில் அகராதி போட்டார். ஆலைப் பேச்சு கொச்சை அல்ல, மொழி என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். அந்த மாணவர் 1919இல் ஆக்ஸ்போர்டு அகராதியில் வேலைக்குச் சேர்ந்து, 'டபிள்யூ' எழுத்தில் வால்ரஸ், குளவி முதலிய சொற்களோடு மல்லுக்கட்டினார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எல்லாம் அப்புறம்தான்.

★ ரோஜே தெசாரஸைத் தயாரித்த பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். 1805இல் தம் உபயோகத்துக்காகச் சொற்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எழுதிவைத்தார். ஓய்வு பெற்ற பிறகு தூசி தட்டி எடுத்து 1852இல், 73 வயதில் வெளியிட்டார். தொண்ணூறு வயதுவரை இருந்து திருத்திக்கொண்டே இருந்தார்.

★ கன்சைஸ் ஆக்ஸ்போர்டு அகராதி (1911) ஃபவுலர் சகோதரர்கள் கெர்ன்சி தீவில் இருந்துகொண்டு செய்தது. முதல் உலகப் போர் வந்ததும் 57 வயது ஹென்றி, 44 என்று பொய் சொல்லிப் படையில் சேர்ந்தார். பொருள் சொல்வதில் அவ்வளவு துல்லியம் பார்த்த மனிதர்! தம்பி ஃபிராங்கும் சேர்ந்தார். காசநோயோடு திரும்பி 1918இல் இறந்தார்.

★ சேம்பர்ஸ் அகராதியில் எக்ளேர் என்ற கேக்குக்கு, உருவத்தில் நீளம், ஆயுளில் குட்டை என்கிற மாதிரி ஒரு விளக்கம் இருந்தது. 1972 பதிப்பில் இப்படிப்பட்ட கேலிகளைத் தூக்கிவிட்டார்கள். வாசகர்கள் சண்டைக்கு வரவே, அடுத்த பதிப்பில் திரும்ப வந்தன.

★ ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கான ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி பிறந்த ஊர் டோக்கியோ. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி நண்பர்களோடு சேர்ந்து தொகுத்தது. அச்சான வருடம் 1942. ஜப்பானும் பிரிட்டனும் போரில் மோதிக்கொண்டிருந்தபோது ஒரு ஜப்பானியப் பதிப்பகம் ஆங்கில அகராதியை வெளியிட்டிருக்கிறது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்துக்கொண்டது.

★ அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் மாசசூசெட்ஸ் சிறையில் இருந்தபோது அகராதி ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து நிறுத்தற்குறிகூட விடாமல் கையால் படியெடுத்தார். பேச்சாளராக ஆனதற்கு அதுவே விதை என்று தன்வரலாற்றில் சொல்கிறார்.

★ ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதிக இடம் பிடித்தது 'செட்' என்ற சொல். இப்போது 'ரன்' முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் அதற்கே ஒன்பது மாதம் செலவழித்தார்.

★ ஆக்ஸ்போர்டு பேரகராதியின் மூன்றாம் பதிப்புக்காக முழு அகராதியையும் திருத்தி, 2000ஆம் ஆண்டு முதல் இணையத்தில் வெளியிட்டு வருகிறார்கள். 'ஏ'யில் தொடங்கவில்லை, 'எம்'மில் தொடங்கினார்கள். மரே ஆரம்பத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டே செய்த பகுதி 'ஏ'. நடுவில் வரும்போது நடை பழகியிருந்தது, அதனால் அங்கே திருத்துவது சுலபம் என்று கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்திய சொற்களும் புதுச் சொற்களும் வந்துகொண்டிருக்கின்றன. வேலை இன்னும் முடியவில்லை.